அக்கரையில் இருந்த மலை

கோல சிலாங்கூர் புக்கிட் மெலாவாத்தியில் ஏறாத தோட்டத்துப் பிள்ளை வட சிலாங்கூரில் இருக்க முடியாது. பள்ளிக்கூடத்துச் சுற்றுலா என்றால் அங்கேதான். அந்தக் காலத்தில் தீபாவளிக்கு மறுநாள் தோட்டத்து லாரியில் கும்பலாக ஏறிப் போனதும் அங்கேதான். குரங்குக் கூட்டம் கையிலிருக்கும் கச்சானைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். பீரங்கி மேல் உட்கார்ந்து படம் பிடித்துக் கொள்வோம். 1784-இல் டச்சுக்காரர்கள் இந்தக் குன்றைப் பிடித்ததும், மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அவர்களை விரட்டியடித்ததும் பள்ளிப் பாடம். 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கம் இன்னும் அங்கே நிற்கிறது.

2023-இல் என் அத்தையை அங்கே அழைத்துப் போயிருந்தேன். அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. பன்னிரண்டு வயதில் உளியைக் கையில் எடுத்தவர், மரம் மாறிச் செம்பனை வந்த பிறகும் தோட்டத்தை விடாதவர். குரங்கையும் பார்க்கவில்லை, பீரங்கியையும் பார்க்கவில்லை. மேற்கே கடலைப் பார்த்தபடி கல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, அந்த மலை இந்தப் பக்கந்தானே இருக்கு?"

"எந்த மலை அத்தை?"

"வெடிக்கிற மலைடா. சுமத்ரா மலை."

அத்தையின் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. தோட்டம் கைமாறி, லயங்களை உடைத்த பிறகு, அத்தைக்குக் கடலோரச் சமவெளியில் அடுக்கு வீட்டில் நான்காவது மாடி கிடைத்தது. பிறந்ததிலிருந்து மண் தரையில் கால் வைத்து நடந்தவருக்கு அந்த உயரமே பயம். அப்படியிருக்க, 2005-ஆம் ஆண்டு மார்ச் 28 இரவு, நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்களில், வீடு ஆடியது. சாமிப் படத்துக்கு மேலே தொங்கிய விளக்கு ஊஞ்சல் மாதிரி ஆடியதாம். எல்லாரும் படியிறங்கி ஓடினார்கள். கீழே யாரோ ஒரு பையன், "சுமத்ராவிலே மலை வெடிச்சிருச்சு, பாட்டி" என்று சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து பதினெட்டு வருஷமாக அத்தை வாசலோரத்தில்தான் படுக்கிறார். அடையாளக் கார்டும் வங்கிப் புத்தகமும் மஞ்சள் பையில் போட்டுத் தலைமாட்டில் இருக்கும்.

"நீதான் ஊர் ஊராப் போறவனாச்சே. ஒரு தடவை அங்கே போய்ப் பாத்துட்டு வந்து, அது மறுபடியும் வெடிக்குமா வெடிக்காதான்னு சொல்லு. நான் உள்ளே போய்ப் படுக்கறதா வேணாமான்னு முடிவு பண்ணிக்கிறேன்" என்றார்.

இப்படித்தான் நான் தோபாவுக்குப் போனேன்.

போவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. அத்தையின் பெரியப்பா 'டெல்லி'யில் புகையிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து, அங்கேயே காலமாகிவிட்டார் என்பார்கள். சின்ன வயதில் நான் அதை அப்படியே நம்பினேன். குதுப்மினாருக்குப் பக்கத்தில் புகையிலை விளைகிறது என்று வகுப்பில் சொல்லி வாத்தியாரிடம் குட்டு வாங்கியவன் நான். பெரியவனான பிறகுதான் விளங்கியது. அது டெல்லி அல்ல, டெலி. மேடான் பட்டணத்தைச் சுற்றியுள்ள சுமத்ரா நாட்டுப்புறத்துக்கு அந்தப் பெயர்.

புக்கிட் மெலாவாத்தியிலிருந்து நேர் மேற்கே கோடு போட்டால் மேடான். ஏறக்குறைய 280 கிலோ மீட்டர். சாலை வழியாகப் பினாங்குக்குப் போகிற தூரம்கூட வராது. விமானத்தில் ஏறி உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் இறங்கச் சொல்லிவிடுகிறார்கள்.

மேடானில் தமிழர் பகுதிக்கு இன்று கம்போங் மெட்ராஸ் என்று பெயர். அங்கே 1880-களில் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயில் கோபுரத்தைப் பார்த்ததும் நம் ஊருக்குத் திரும்பி வந்துவிட்டோமோ என்றிருந்தது. 1863-இல் நீன்ஹுயிஸ் என்ற டச்சுக்காரர் டெலியில் புகையிலை போட ஆரம்பித்தார். சுருட்டின் மேலே சுற்றுகிற மெல்லிய இலைக்கு டெலிப் புகையிலையைப் போல வேறு இல்லை என்று உலகமே சொன்னது. சீனர்களும் ஜாவாக்காரர்களும் தோட்ட வேலைக்கு வந்தார்கள். நம்மவர்களும் வந்தார்கள். சாலை போடுவது, வடிகால் வெட்டுவது, மாட்டு வண்டி ஓட்டுவது பெரும்பாலும் நம்மவர்கள் கையில் இருந்தது. பெரிய தாத்தா எந்த வேலை செய்தார், எந்தத் தோட்டம், எதுவும் தெரியாது. கோயிலில் அவர் பேருக்கு ஓர் அர்ச்சனை செய்துவிட்டு வெளியே வந்தேன். நட்சத்திரம் கேட்டார் ஐயர். அதுவும் தெரியாது.

டெலிக்கும் நமக்கும் உறவு இதோடு முடியவில்லை. நாம் வெட்டிச் சுமக்கிற செம்பனையே டெலி வழியாக வந்ததுதான். ஆப்பிரிக்காவின் மரமான அதில் நாலே நாலு கன்றுகள் 1848-இல் ஜாவாவின் போகோர் பூங்காவுக்கு வந்தன. அவற்றின் வித்துகள் டெலிக்குப் போய், புகையிலைத் தோட்டங்களில் அழகுக்காகச் சாலையோரம் நின்றன. 1911-இல் ஹாலே என்ற பெல்ஜியக்காரர் சுமத்ராவில் அதை வியாபாரத்துக்கே பயிரிட்டார். அவருடைய நண்பர் ஆன்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கிருந்து விதை கொண்டுவந்து நம் கோல சிலாங்கூர் ரந்தாவ் பாஞ்சாங்கில் போட்டார். 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில், நாட்டின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டம் உருவானது. தோட்டத்தின் பெயர் தென்னமரம்! பிரெஞ்சுக்காரர் தோட்டத்துக்குத் தமிழ்ப் பெயர், தென்னை மரத்தின் பெயர், அதில் செம்பனை. வேடிக்கைதான்.

டெலி மண்ணுக்கு ஏன் அத்தனை கொழுப்பு? மேடானிலிருந்து தெற்கே பிராஸ்தாகி மலைச் சாலையில் ஏறினால் பதில் தெரிகிறது. முட்டைக்கோஸ், கேரட், ஆரஞ்சு என்று எங்கே பார்த்தாலும் விளைச்சல். மண்ணைக் கையில் எடுத்தால் கறுப்பாகப் பொலபொலவென்று உதிர்கிறது. தலைக்கு மேலே இரண்டு எரிமலைகள் நிற்கின்றன. சிபாயாக் இலேசாகப் புகைகிறது. சினாபோங் 2,400 மீட்டருக்கு மேல் உயரம். அவை காலம் காலமாகத் தூவிய சாம்பல்தான் அந்த உரம்.

சினாபோங் சுமார் நானூறு ஆண்டுகள் வாயே திறக்காமல் இருந்த மலை. அடிவாரத்துச் சனங்கள் அதை எரிமலை என்றே நினைக்கவில்லை. 2010 ஆகஸ்டில் எழுந்தது. 2013-இலிருந்து விடாமல் கக்கியது. 2014 பிப்ரவரியில் அனல் சாம்பல் சரிந்து ஓடிப் பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். சுக்கா மெரியா, பெக்கெரா, சிமாச்செம் என்ற மூன்று கிராமங்களை அடியோடு காலி செய்து, சியோசார் என்ற இடத்தில் அரசாங்கம் புது வீடு கட்டிக் கொடுத்தது. சந்தையில் கேரட் விற்ற கிழவி அந்தக் கிராமங்களில் ஒன்றைச் சேர்ந்தவள். "புது வீடு எப்படி இருக்கிறது?" என்று மலாயில் கேட்டேன். "வீடு நல்ல வீடுதான். பக்கத்து வீட்டில் யார் என்றுதான் தெரியவில்லை" என்றாள். எனக்கு அத்தையின் நாலாவது மாடி ஞாபகம் வந்தது.

ஆனால் நான் தேடிப்போனது இந்த இரண்டையும் அல்ல. இவற்றின் பாட்டனை.

பிராஸ்தாகியிலிருந்து தெற்கே இன்னும் போனால் சாலை சமதரைக்கு வந்துவிடும். மலை எங்கே என்று தேடுவீர்கள். கார் ஓட்டி சிபிசோ-பிசோ என்ற அருவிக்கு அருகே நிறுத்தினார். நாலு அடி நடந்ததும் நிலம் முடிந்துவிட்டது. அப்படியே வெட்டி எடுத்த மாதிரி, காலுக்குக் கீழே பள்ளத்தாக்கு. பக்கத்தில் 120 மீட்டர் உயரத்திலிருந்து அருவி விழுகிறது. கீழே கடல் போல நீலத் தண்ணீர், அக்கரை மங்கலாக ஒரு கோடு.

"கூனோங் எங்கே?" என்று கேட்டேன்.

கார் ஓட்டி தண்ணீரைக் காட்டினார். "இதுதான்."

அத்தை கேட்ட மலை இப்போது மலையாக இல்லை. அது ஏரி. நீளம் 100 கிலோ மீட்டர், அகலம் 30 கிலோ மீட்டர் உள்ள பள்ளம். தண்ணீர்ப் பரப்பு மட்டும் ஏறக்குறைய 1,130 சதுர கிலோ மீட்டர், சிங்கப்பூரை உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். ஆழம் 500 மீட்டருக்கும் மேல். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தை அங்கே இறக்கினால் முனைகூட வெளியே தெரியாது.

1939-இல் வான் பெம்மெலன் என்ற டச்சு மண்ணியல் அறிஞர், இந்த ஏரியைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் வெந்து இறுகிய சாம்பல் கல்லாகவே இருப்பதைக் கவனித்து, ஏரியே ஓர் எரிமலையின் வாய் என்று எழுதினார். அதன் பிறகு வந்தவர்கள் ஆண்டுக் கணக்கைக் கண்டுபிடித்தார்கள். சாம்பலில் உள்ள பளிங்குத் துகள்களில் பொட்டாசியத்தின் ஒரு பகுதி மெல்ல மெல்ல ஆர்கான் வாயுவாக மாறிக்கொண்டே இருக்கும். அது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் கல் எப்போது வெந்தது என்று சொல்லிவிடலாம். அந்தக் கடிகாரம் சொல்கிற கணக்கு சுமார் 74,000 ஆண்டுகள். அதற்கு முன்பும் மூன்று தடவை, ஏறக்குறைய 12 லட்சம், 8 லட்சம், 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன், அதே இடம் வெடித்திருக்கிறது. கடைசித் தடவைதான் எல்லாவற்றிலும் பெரியது.

எப்படி உண்டானது இந்த மலை? பூமியின் மேல் ஓடு ஒரே துண்டு அல்ல, பல தட்டுகள். நம் முன்னோர் பிறந்த தமிழ்நாட்டைச் சுமக்கிற இந்தியத் தட்டின் கிழக்கு ஓரம், சுமத்ராவின் மேற்குக் கடலடியில், நாமும் சுமத்ராவும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிற தட்டின் கீழே நுழைகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்டி மீட்டர். நகம் வளர்கிற வேகத்தைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஆனால் நிற்காத வேலை. கீழே போகிற தட்டு கடல் தண்ணீரையும் தன்னோடு இழுத்துப் போகிறது. நூறு கிலோ மீட்டர் ஆழத்துக்குப் போனதும் அந்த ஈரம் மேலே உள்ள சூடான பாறையில் ஏறுகிறது. ஈரம் பட்ட பாறை சீக்கிரம் உருகும். உருகிய குழம்பு மேலே வந்து தேங்குகிறது. சுமத்ராவின் முதுகெலும்பு நெடுக எரிமலைகள் வரிசையாக நிற்பதற்கு இதுதான் காரணம்.

எல்லா எரிமலையும் ஒரே மாதிரி வெடிப்பதில்லை. பால் வெட்டியவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். வாளியில் இருக்கிற புதுப் பால் தண்ணீர் மாதிரி ஓடும், அதில் காற்றுக்குமிழி வந்தால் தானாக மேலே வந்து உடைந்துவிடும். அதே பாலில் ஆசிட் ஊற்றிக் கட்டியாகும் நேரத்தில் உள்ளே மாட்டிய குமிழி வெளியே வர முடியாது, நுரையோடு நுரையாக உறைந்து போகும். ஹவாய்த் தீவில் ஓடுகிற குழம்பு புதுப் பால் ஜாதி. தோபாவின் குழம்பு ஆசிட் ஊற்றிய பால் ஜாதி, மணல் சத்து அதிகமுள்ள கெட்டிக் குழம்பு. அதற்குள் நீராவியும் மற்ற வாயுக்களும் ஆயிரமாயிரம் ஆண்டுகள் மாட்டிக் கிடந்தன. பாரம் தாங்காமல் மேல் ஓடு விரிசல் கண்டதும், குலுக்கிய சோடா போத்தலைத் திறந்த கதைதான்.

வெளியே வந்தது எவ்வளவு தெரியுமா? நுரையை எல்லாம் கழித்துக் கெட்டிப் பாறையாகக் கணக்குப் போட்டால் 2,800 கன கிலோ மீட்டர் என்கிறார்கள். நான் ஒரு காகிதத்தில் கணக்குப் பார்த்தேன். நம் சிலாங்கூர் மாநிலம் முழுவதும், கிள்ளானிலிருந்து சபாக் பெர்ணாம் வரை, அதைப் பரப்பினால் 350 மீட்டர் உயரத்துக்கு நிற்கும். பத்துமலை முருகன் சிலை 42.7 மீட்டர். எட்டு முருகன் சிலையை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவோ அவ்வளவு. 1883-இல் வெடித்து, கடல் பொங்கி, 36,000 பேருக்கு மேல் பலிகொண்ட கிரகத்தாவ் எரிமலை இதற்கு முன்னால் தீபாவளிப் பட்டாசு.

அத்தனையும் வெளியே போனால் உள்ளே என்ன மிஞ்சும்? வெறும் குழி. தானா கம்புட் என்று மலாய்க்காரர்கள் சொல்கிற மக்கிய மண்ணில் செம்பனை வளர்த்தவர்கள் பார்த்திருப்பீர்கள். தண்ணீரை வடித்ததும் மண் உள்வாங்கும், மரம் வேரைக் காட்டிக்கொண்டு சாயும். மேலே யாரும் தள்ளவில்லை, கீழே இருந்தது போய்விட்டது, அவ்வளவுதான். தோபாவிலும் மலை வானத்துக்குப் பறந்து போகவில்லை. அடியில் இருந்த குழம்பு போனதும், கூரை மொத்தமாகத் தன் குழிக்குள்ளேயே இறங்கிவிட்டது. பிறகு மழை நிரப்பியது.

நடுவில் சமோசிர் என்ற தீவு இருக்கிறது. பராபாத்திலிருந்து படகில் போனேன். அந்தத் தீவின் உச்சியில் ஏரிச் சேறு படிந்து இறுகிய மண் கிடக்கிறது. அதாவது ஒரு காலத்தில் அது ஏரியின் அடித்தரை. கீழே மிச்சமிருந்த குழம்பு மறுபடியும் உப்பி, தரையைத் தூக்கித் தண்ணீருக்கு மேலே பல நூறு மீட்டர் நிறுத்திவிட்டது. மேற்குக் கரையில் பூசுக் புஹிட் என்ற மலையடியில் வெந்நீர் ஊற்று ஓடுகிறது. காலை நனைத்துப் பார்த்தேன், அரை நிமிடம் தாங்கவில்லை. அடுப்பு அணைந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. 2020-இல் யுனெஸ்கோ இந்த இடத்தை உலகப் புவிப் பூங்காவாக ஏற்றுக்கொண்டது.

சரி, அந்தச் சாம்பல் எங்கே போனது? நம் நாட்டுக்கும் வந்தது. பேராக் மாநிலத்தில் லெங்கோங் பள்ளத்தாக்கில் கோத்தா தம்பான் என்று ஓர் இடம். செம்பனைக்கும் ரப்பருக்கும் நடுவில் இருக்கிறது. 1938-இல் கோலிங்ஸ் என்பவர் அங்கே கல்லாயுதங்களைத் தோண்டி எடுத்தார். 1987-இல் பேராசிரியை சுராய்னா மஜித் குழுவினர் தோண்டியபோது ஒரு கல்லாயுதப் பட்டறையே வெளிவந்தது. கல்லை வைத்து அடிக்கிற பட்டைக் கல், அடிக்கிற சுத்திக் கல், உடைந்த சில்லுகள், பாதி செய்து முடிக்காத ஆயுதம், எல்லாம் போட்டது போட்டபடி கிடந்தன. அவற்றோடு தோபாவின் சாம்பல். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பது அவர்கள் முடிவு. 2012-இல் லெங்கோங் உலகப் பாரம்பரியச் சின்னமானது. கோயில் குளம் என்று பேராக் பக்கம் போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கி அதையும் பார்க்கலாம். கூட்டமும் இருக்காது.

காற்று அந்தச் சாம்பலை இந்தியாவுக்கும் சுமந்து போனது. ஆந்திராவில் கர்னூல் பக்கம் ஜ்வாலாபுரம் என்ற ஊரில் அது வெள்ளை வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது. சாம்பலுக்குக் கீழேயும் கல்லாயுதம், மேலேயும் ஏறக்குறைய அதே ஜாதிக் கல்லாயுதம் என்று 2007-இல் ரவி கோரிசெட்டர், மைக்கேல் பெட்ராலியா முதலானவர்கள் எழுதினார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், தோபா வெடித்தபோது வானம் இருண்டு, உலகம் குளிர்ந்து, மனித குலமே சில ஆயிரம் பேராகக் குறைந்துவிட்டது என்று ஒரு கொள்கை 1990-களில் பிரபலமாக இருந்தது. இன்றும் அதையே சினிமா மாதிரிச் சொல்கிறவர்கள் உண்டு. ஜ்வாலாபுரம் அப்படிச் சொல்லவில்லை. சாம்பல் விழுந்தது, மனிதன் அதன் பிறகும் அங்கே கல்லை உடைத்துக்கொண்டுதான் இருந்தான். நான் இந்தக் கட்சி. ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் கோல சிலாங்கூரில் விழுந்த சாம்பல்? அதைப் பார்க்க முடியாததற்குக் காரணம் நம் மண்ணின் வயதுதான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடும் பனிக் காலத்தில் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மலாக்கா நீரிணை அப்போது நிலம். பெரிய தாத்தா கப்பல் ஏறாமல் நடந்தே டெலிக்குப் போயிருக்கலாம்! பிறகு பனி உருகிக் கடல் ஏறியது. ஐயாயிரம், ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தையும் சில மீட்டர் தாண்டி உள்ளே வந்தது. தெலுக் பியா, ஜெராம், தஞ்சோங் காராங் எல்லாம் அப்போது கடல். புக்கிட் மெலாவாத்தி தண்ணீருக்கு நடுவில் ஒரு திட்டு. கடல் பின்வாங்கப் பின்வாங்க, ஆறு கொண்டுவந்த சேறும் அலை ஒதுக்கிய சேறும் படிந்து, கண்டல் மரம் பிடித்து, இந்தச் சமவெளி உண்டானது. கடலோரத் தோட்டங்களில் நாம் வடிகால் வெட்டிய சாம்பல் நிறக் களிமண் அதுதான். டெலி மண்ணை நெருப்பு செய்தது, நம் மண்ணைத் தண்ணீர் செய்தது. அந்தப் பழைய சாம்பலில் ஏதாவது மிச்சம் இருந்தால் அந்தச் சேற்றுக்கு அடியில் எங்கேயோ கிடக்க வேண்டும்.

அத்தையின் வீடு ஆடியதற்கும் இந்தக் களிமண்ணுக்கும் சம்பந்தம் உண்டு. 2005 மார்ச்சில் எந்த மலையும் வெடிக்கவில்லை. சுமத்ராவின் மேற்கே நியாஸ் தீவுப் பக்கம் கடலடியில் இரண்டு தட்டுகளும் உராய்ந்து 8.6 அளவில் நில நடுக்கம் உண்டானது. அங்கே ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த அதிர்வு நம்மிடம் வந்து சேரும்போது பலம் குறைந்து, நீண்ட மெதுவான ஆட்டமாக மாறியிருந்தது. கெட்டிப் பாறையின் மேல் கட்டிய வீடுகளில் ஆட்டம் குறைவாகத்தான் இருக்கும். தட்டில் வைத்த அகார்-அகாரைப் பாருங்கள். தட்டை இலேசாக அசைத்தால் தட்டு ஆடுவது தெரியாது, அகார்-அகார் குலுங்கும். நம் களிமண் அகார்-அகார். அதன் மேல் உயரமாக எதை நிறுத்தினாலும் கூடுதலாக ஆடும்.

ஊர் திரும்பியதும் அத்தை வீட்டுக்குப் போய், இதையெல்லாம் தரையில் உட்கார்ந்து, தட்டும் கிண்ணமும் வைத்து விளக்கினேன். நம் காலடியில் எரிமலை கிடையாது. குவாந்தானிலும் செகாமாட்டிலும் உள்ள கறுப்பு எரிமலைக் கல் எல்லாம் குளிர்ந்து பல லட்சம் ஆண்டுகள் ஆனவை. தட்டு உள்ளே நுழைகிற இடம் நமக்கு ரொம்பத் தூரம், அதனால் நம் பக்கம் குழம்பு ஊறுவதில்லை.

"முருகன் மலை?"

"பத்துமலை சுண்ணாம்புக் கல் அத்தை. ஏறக்குறைய நாற்பது கோடி வருஷத்துக்கு முன்னாலே கடலுக்கு அடியிலே உண்டானது. நெருப்பு இல்லை."

"அது சரி. தோபா மறுபடி வெடிக்குமா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "வெடிக்கலாம். கீழே குழம்பு இன்னும் இருக்கு. ஆனா ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவிலே லட்சக்கணக்கான வருஷம் ஆகியிருக்கு. அவ்வளவு பெரிசு எழுந்திரிக்கிறதுன்னா ராத்திரியோட ராத்திரியா எழுந்திரிக்காது. நிலம் உப்பும், அடிக்கடி அதிரும், ரொம்ப நாள் முன்னாடியே தெரியும். உங்க வீடு இன்னொரு தடவை ஆடும், அது நிச்சயம். சுமத்ராவிலே பூமி பலமா நடுங்கினா ஆடும். அது மலை இல்லை. விளக்கு ஆடி நிக்கிற வரைக்கும் மேசைக்கு அடியிலே இருங்க. அதுக்கப்புறம் படியிலே மெதுவா இறங்குங்க."

அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார். "என் பெரியப்பா அந்தச் சாம்பலிலேதான் வடிகால் வெட்டியிருக்காரு, இல்லே?" என்றார். ஆமாம் என்றேன்.

சமோசிர் தீவில் ஒரு கடைக்காரப் பெண் கொடுத்த கல்லைப் பையிலிருந்து எடுத்தேன். வெள்ளையாக, ரொட்டி மாதிரி முழுக்க ஓட்டை. குழம்பு நுரையோடு உறைந்தது. தண்ணீரில் போட்டுக் காட்டுங்கள் என்று பேத்தி அடம் பிடித்தாள். குளியலறை வாளியில் போட்டோம். மிதந்தது. பேத்தி கை தட்டினாள். அத்தை குனிந்து கல்லை எடுத்து, விரலால் தடவி, முகர்ந்துகூடப் பார்த்தார்.

"சொரசொரன்னு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து, பித்தவெடிப்பு விழுந்த குதிகாலைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

மஞ்சள் பை வாசலிலேயேதான் இருக்கிறது. பாயை மட்டும் உள்ளே போட்டுவிட்டதாகப் பேத்தி போனில் சொன்னாள்.